மதுரை எரிந்த பிறகு: கண்ணகி கதை இன்னும் எங்கெல்லாம் நடக்கிறது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பதினாறு வருஷமாக ஒரே மரத்தடி, ஒரே மேசை. திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

போன திங்கள் ஓர் அம்மா வந்தார். அறுபது தாண்டியிருக்கும். மகன் வேலை பார்த்த இடத்தில் பணத்தை எடுத்துவிட்டான் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அடித்து விரட்டியிருக்கிறார்கள். அவன் அந்த அவமானத்தில் ஊரைவிட்டே போய்விட்டான். அதே பணத்தை அவன் வங்கியில் கட்டியதற்கான ரசீது இரண்டு மாதம் கழித்து அவன் பழைய சட்டைப்பையில் கிடைத்திருக்கிறது. அம்மா அதை மஞ்சள் பைக்குள் வைத்து, பையைச் சுருட்டி இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "கொடுங்கம்மா, நகல் எடுத்து மனுவோடு வைக்கலாம்" என்றேன். கொடுக்கவில்லை. "இத நானே அவுக மேசையில போடணும். அவுக கண்ணால பாக்கணும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வழக்குரை காதை எதிரில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. "என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்கிறாள் கண்ணகி. என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். அதற்கு மேல் பேச்சே கிடையாது. சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிந்துவிடுகிறது. "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி அவன் விழுந்து சாகிறான். ஊர் எரிவது அதற்குப் பிறகுதான். எல்லோரும் நெருப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் கையில் சாட்சியோடு போனதை எத்தனை பேர் சொல்கிறோம்?

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிலப்பதிகாரம் என்ற பெயரையே கேட்டிருப்பாரா தெரியவில்லை. ஆனாலும் அந்த ரசீதை அவர் பிடித்திருந்த விதம் புதிதாக அவருக்குத் தோன்றியது என்று என்னால் நினைக்க முடியவில்லை. நம் பழைய கதைகள் இன்றைய வாழ்க்கைக்குள் எந்த வழியாக வருகின்றன? கண்ணகி உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறாள்? எழுதுங்கள்.

பழையஓலை எழுதியது:

தங்கை, நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதால் பழக்கத்தில் ஒரு தேதியோடு தொடங்குகிறேன்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892-ல். அதற்கு முன் ஏட்டில் அதை முழுதாகப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கதை ஊரைவிட்டுப் போகவே இல்லை. என் பாட்டிக்கு இளங்கோவடிகள் யாரென்றே தெரியாது. 'கோவலன் கதை' என்ற பெரிய எழுத்துப் புத்தகத்தை யாராவது வாசிக்கக் கேட்டுக் கேட்டு முழுக் கதையும் சொல்வாள். அதில் கண்ணகி காளியின் பிறப்பு. நான் கல்லூரியில் காப்பியத்தைப் படித்துவிட்டு வந்து, "பாட்டி, நீ சொன்னது தப்பு, அவள் மாநாய்கன் மகள்" என்றேன். பாட்டி கோபப்படவே இல்லை. "மனுசிக்கு அம்புட்டுக் கோவம் வருமாடா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் மெரினா சிலை. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுத்திய சிலைகளில் அதுவும் ஒன்று. கையில் சிலம்பை நீட்டியபடி நிற்கிறாள். 2001 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். மாநிலமே கொந்தளித்தது. 2006 ஜூனில் மறுபடி கடற்கரைக்கே வந்தது. ஒரு கதையில் வரும் பெண்ணுக்காக, அவள் நிற்கும் இடத்துக்காக, நாலரை வருஷம் ஒரு மாநிலம் வாதாடியது. கதை செத்துப்போயிருந்தால் அது நடந்திருக்குமா?

செங்காந்தள் எழுதியது:

ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும்.

என் சித்தப்பா வேறொரு குடும்பம் வைத்திருந்தார். சித்தி பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்தபோது வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதுதான்: "கண்ணகி பொறுத்துக்கலையா? கடைசியில அவன் திரும்பி வரலையா?" சித்தி திரும்பிப் போனார். பதினோரு வருஷம் பொறுத்தார். யாரும் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் கண்ணகி வந்தது அந்த ஒரு வழியாகத்தான். 'கற்புக்கரசி' என்று தூக்கி வைத்ததைப் பெரியார் அவ்வளவு கடுமையாகத் தாக்கியது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். கண்ணகி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கிறோம், மாதவி என்றும் வைக்கிறோம். கோவலன் என்று பையனுக்குப் பெயர் வைத்தவர்களை நான் பார்த்ததே இல்லை. யார் தப்பு செய்தார்கள் என்று ஊருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பொறுக்கச் சொன்னது பெண்ணைத்தான். பழைய கதை நம்மிடம் வாழ்கிறது என்று மகிழ்வதற்கு முன், அது யார் முதுகில் ஏறி வாழ்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

செங்காந்தள், உங்கள் சித்தியை நினைத்து மனசு கனத்துவிட்டது. நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கோவலன் மாதவி வீட்டில் இருக்கும்போது, தேவந்தி என்ற தோழி கண்ணகியிடம் வருகிறாள். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கைகள் உண்டு, அங்கே நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள். கண்ணகி சொல்லும் பதில் ஒரே சொல்: "பீடன்று." அது பெருமை இல்லை. அவ்வளவுதான், எழுந்து போகவில்லை.

அவள் காத்திருந்தாள், உண்மை. சிலம்பைக் கொடுத்தாள், அதுவும் உண்மை. ஆனால் அவனை வரவழைக்க நோன்பு இருக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கண்ணகியிடம் இந்தச் சொல்லை மட்டும் யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

செங்காந்தள் எழுதியது:

இந்த இடம் எனக்குத் தெரியாது அக்கா. எங்களுக்குப் பாடத்தில் வந்ததெல்லாம் அரசவை மட்டும்தான். பீடன்று. இன்றைக்கு ராத்திரி சித்திக்கு போன் செய்து சொல்கிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

நான் இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாலு தலைமுறையாக நகை செய்கிற குடும்பம் நாங்கள். அப்பா இன்னும் குமுட்டி அடுப்பும் ஊதுகுழலும் வைத்திருக்கிறார். வேலை பாதிக்கு மேல் மிஷினுக்குப் போய்விட்டது.

எட்டாம் வகுப்பில் வாத்தியார் பாண்டியன் கதை சொன்னார். அரசியின் சிலம்பைத் திருடிவிட்டுப் பழியைக் கோவலன் தலையில் போட்டவன் யார் என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. யாரோ ஒருவன் என் பெயரையே பதிலாகச் சொன்னான். வாத்தியாரும் சிரித்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பிறகு நானே தேடிப் படித்தேன். அந்தப் பொற்கொல்லனுக்குக் காப்பியத்தில் பெயர் இல்லை, தொழில் மட்டும்தான். நூறு கொல்லர்கள் பின்னால் வர அவன் நடந்து வருகிறான். திருடியது ஒருவன். அந்த நூறு பேர் என்ன செய்தார்கள்? நூலின் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரையைப் படித்தால் அடிவயிறு கலங்கும். மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்துக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று இருக்கிறது. சாட்சி இல்லாமல் ஒருவனைக் கொன்றது தப்பு என்று ஊரை எரித்த கதை, ஆயிரம் பேரைச் சாட்சியே இல்லாமல் கொன்றதை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது.

இன்றைக்கும் அப்பா பொன்னை உருக்கும்போது சிலர் பக்கத்திலேயே நின்று கண் இமைக்காமல் பார்ப்பார்கள். "தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். சேதாரம் எவ்வளவு என்று கேட்பது நியாயம், அது அவர்கள் பொன். ஆனால் கேட்கும் குரலிலேயே தீர்ப்பு இருக்கும். வைகைக்கரை அக்கா கேட்டாரே, பழைய கதை எந்த வழியாக வருகிறது என்று. எங்கள் பட்டறைக்கு அது இப்படித்தான் வருகிறது.

பழையஓலை எழுதியது:

தம்பி, முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியை நானும் வகுப்பில் கேட்டிருக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உன்னைப் போலத் தலை குனிந்தார்களோ. அந்த ஆயிரம் பேரைப் பற்றி ஒருநாளும் நின்று பேசியதில்லை. இது என் பிழை.

கம்பம்பள்ளத்தாக்கு எழுதியது:

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடலூருக்கு மேலே கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. 1,300 மீட்டருக்கு மேல் உயரம், சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், இந்தப் பக்கம் பளியங்குடி வழியாக ஏறியும் போகலாம். நான் ஏறித்தான் போவேன். வெயிலுக்கு முன்னால் புறப்பட வேண்டும். கோயில் இடிந்த நிலையில்தான் இருக்கிறது. ஆனால் மலையுச்சியில் காற்று அடிக்கும்போது, மதுரையை விட்டு வந்த அவளைக் குன்றக்குறவர் பார்த்தது இப்படி ஓர் இடத்தில்தான் இருக்கும் என்று தோன்றும். கோயில் யாருக்கு என்று இரண்டு மாநிலமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. கண்ணகிக்கு வழக்கு மட்டும் ஓயவில்லை.

அனந்தபுரி_மாலா எழுதியது:

திருவனந்தபுரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். இங்கே ஆற்றுகால் பகவதி கோயிலுக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் இடம்பிடித்தது. கோயிலிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெருவெல்லாம் மூன்று செங்கல் வைத்த அடுப்புகள்தான். எங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத பத்துப் பேர் அடுப்பு வைப்பார்கள், எல்லாருக்கும் தண்ணீர் எங்கள் குழாயில்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருவிழா நாட்களில் கோயிலில் தோற்றம்பாட்டு பாடுவார்கள், அது கண்ணகி கதை. பாட்டில் பாண்டியன் சாகும் இடம் வந்த பிறகுதான் பண்டார அடுப்பில், அதாவது கோயிலின் முதல் அடுப்பில், தீ மூட்டுவார்கள். அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கை மாறி நகரம் முழுக்கப் போகும். மதுரையில் ஊரை எரித்த அதே நெருப்பு இங்கே சோறு பொங்குகிறது. எனக்கு முதல் வருஷம் இதை ஒரு மலையாளப் பாட்டி சொன்னார். அன்றிலிருந்து தீயை வாங்கும்போது கை நடுங்கும்.

தேனாட்டுமகள் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவும் வாசித்துப்போட்டு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குக் கண்ணகி காப்பியத்தில் வருகிறவள். எங்களுக்கு அவள் அம்மன், ஊருக்கு ஊர் கோயில் இருக்கிறது. தம்பிலுவில், காரைதீவு என்று சொல்லிக்கொண்டே போகலாம். வடக்கே முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசி விசாகத்தில் கடல் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வைகாசியில் கோயில் கதவு திறப்பார்கள். அந்த நாட்களில் 'கண்ணகி வழக்குரை' படிப்பார்கள். அது இளங்கோவடிகள் சொன்ன கதை இல்லை. அதில் அம்மன் பாண்டியனுடைய மாந்தோப்பில் ஒரு மாங்கனியில் பிறந்தவள். பாண்டியனுக்கு நெற்றியில் ஒரு கண். அவள் பிறந்ததும் அது மறைந்துபோக, பயந்து பேழையில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறான். அதை யோசித்துப் பாருங்கள். அவள் சிலம்போடு போய் நின்றது தன்னைப் பெற்றவன் முன்னால்! சிங்கள ஊர்களிலும் பத்தினி தெய்வம் மாங்கனியில் பிறந்தவள்தான். கண்டி பெரஹராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலம் கடைசியில் வரும், அதில் மட்டும்தான் பெண்கள் ஆடி வருவார்கள்.

முன்பு கொம்புமுறியும் நடக்கும். ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கம், மற்றது அம்மன் பக்கம், மரக் கொம்பில் கொம்பைக் கொழுவி ஒன்று முறியும் வரைக்கும் இழுப்பார்கள். என் அம்மம்மா கலியாணம் முடித்து வந்தபிறகும் தன் சேரியை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது குளுத்தி. திருக்குளிர்த்தி என்று எழுதுவார்கள், நாங்கள் குளுத்தி என்போம். சடங்கின் கடைசியில், மதுரையை எரித்த வெக்கையோடு நிற்கிற அம்மனைக் குளுத்திப் பாட்டுப் பாடி, வேப்பிலையும் தண்ணீருமாகக் குளிரவைப்பார்கள். பூசை செய்கிற கட்டாடியார் அந்தத் தண்ணீரைச் சனத்துக்கும் தெளிப்பார். மெரினாவில் நீங்கள் அவளைக் கோபத்தோடு நிற்க வைத்திருக்கிறீர்கள், பிழை சொல்லவில்லை. எங்களால் அவளை அப்படி விட ஏலாது. ஒவ்வொரு வருஷமும் குளிரவைத்துத்தான் கதவு சாத்துவோம்.

பட்டறைக்காரன் எழுதியது:

அக்கா, உங்கள் வழக்குரையிலும் தட்டான் வருகிறானா?

தேனாட்டுமகள் எழுதியது:

வருகிறான் தம்பி. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் குளுத்தித் தண்ணீர் தெளிக்கும்போது யார் எந்தத் தொழில் என்று யாரும் பார்த்து நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் நகை செய்கிற பத்தர் ஐயா முதல் வரிசையில் நிற்பார், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு.

இன்னொன்று. வைகைக்கரை அக்கா அந்த மஞ்சள் பை அம்மாவை எழுதினதிலிருந்து எனக்கு வேறு அம்மாமாரின் நினைவாகவே இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலிலும் மழையிலும். எங்கள் பக்கத்து அம்மாமாரும் படங்களோடு தெருவில் நின்றிருக்கிறார்கள். கையில் இருப்பது சிலம்பு இல்லை, பாஸ்போர்ட் அளவுப் படம். பதில் கேட்காமலே செத்துப்போனவர்கள் பலர்.

வைகாசியில் அவர்களில் ஒருவர் எங்கள் கோயிலுக்கு வருவார். ஒருமுறை அவரைக் கேட்டேன், இவ்வளவு கோபத்தோடு இருக்கிற நீங்கள் எப்படி அம்மா குளுத்திக்கு வந்து நிற்கிறீர்கள் என்று. அவர் சொன்னார்: "முதல்ல வழக்குரையை முழுக்கப் படிக்கிறாங்கதானே மகள். ஒரு வரி விடாமக் கேக்கிறாங்கதானே. அதுக்குப் பிறகுதானே தண்ணி."

செங்காந்தள் எழுதியது:

சித்தியிடம் பேசினேன். தேவந்தி இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு அப்பவே சொல்லியிருக்கா பாரு" என்றார். நூலை அனுப்பச் சொல்லியிருக்கிறார். பழையஓலை ஐயா, எளிய உரையோடு கிடைக்குமா?

பழையஓலை எழுதியது:

நல்ல பதிப்பாக நானே வாங்கி அனுப்புகிறேன் அம்மா. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு. காசு வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

ஒரு செய்தி. அந்த அம்மா இந்தத் திங்கள் திரும்ப வந்தார். இந்த முறை மனுவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: "அசல் ரசீதை மனுதாரர் தம் கையாலேயே அளிப்பார், அதை நேரில் பார்வையிட்டு விசாரிக்க வேண்டுகிறேன்." வாசித்துக் காட்டினேன். "ஆமா, அதத்தான் எழுதணும்" என்றார். விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். மேசையை ஒருநாள் மூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

தேனாட்டுமகள், வரும் வைகாசியில் உங்கள் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். ஒரு தயக்கம். மதுரைக்காரி என்று சொன்னால் கோயிலில் ஏதாவது நினைப்பார்களா?

தேனாட்டுமகள் எழுதியது:

வாங்க அக்கா. வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் எல்லாம் பார்க்க வேண்டாம். மதுரை என்று கட்டாடியாரிடம் நான் முதலே சொல்லிவைக்கிறேன். குளுத்தி விடியப்புறம்தான் முடியும், நித்திரை முழிக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கும்போது முன்னுக்கு வந்து நில்லுங்க.